செங்கோல் கைமாறட்டும்

"ஒரே நாட்டை அஞ்சு பேர் மாத்தி மாத்தி ஆண்டா அது வியூகமா, கூத்தா?" என்று என்னிடம் கேட்டவர் என்னைவிடப் பல மடங்கு நல்ல ஆட்டக்காரர். சிவிலைசேஷன் நான்காம் பதிப்பில் உச்சக் கடினமான டெய்டி நிலையில் தனியாக வென்றவர். அவர் கேட்டது கேள்வியே அல்ல, தீர்ப்பு. இந்த விளையாட்டை ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதும் அதே தீர்ப்புதான். வியூக விளையாட்டு ஒரு மூளையின் வேலை. பங்கு போட்டால் நீர்த்துப்போகும். முறை வைத்து ஆடுவது நண்பர்கள் பொழுதைக் கழிக்கக் கண்டுபிடித்த வழி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்தத் தீர்ப்பு அடியோடு தவறு என்கிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்து மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட சிவிலைசேஷன், கி.மு. 4000-இல் ஒரு சிறு குடியேறிக் கூட்டத்தை உங்கள் கையில் கொடுத்துத் தொடங்குகிறது. ஊர் அமைக்க வேண்டும், நிலம் திருத்த வேண்டும், எழுத்தையும் வெண்கலத்தையும் கண்டுபிடிக்க வேண்டும், அண்டை நாட்டோடு பேசவோ மோதவோ வேண்டும், கடைசியில் விண்கலம் ஏவும் காலம்வரை நாட்டைக் கொண்டு சேர்க்க வேண்டும். எல்லாம் சதுரங்கம்போல டர்ன் டர்னாக நடக்கும். மூன்றாம் பதிப்பில் முழு ஆட்டம் 540 டர்ன்.

இதைத்தான் சிலர் வாரிசு ஆட்டமாக ஆடுகிறார்கள். நான்கைந்து பேர் ஒரு வரிசை வைத்துக்கொள்வார்கள். முதல் ஆள் 20 டர்ன் ஆடிவிட்டு சேவ் ஃபைலை அடுத்தவருக்கு அனுப்புவார். அங்கிருந்து ஆளுக்குப் பத்து டர்ன். ஃபைல் வந்த 24 மணி நேரத்துக்குள் "எடுத்துக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும், அதற்கடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும், முடியாதென்றால் தன் முறையைத் தாண்டவிட வேண்டும். ஆடி முடித்ததும் என்ன செய்தேன் என்று எல்லோருக்கும் அறிக்கை எழுத வேண்டும். விளைவு பிடிக்கவில்லை என்று பழைய சேவுக்குத் திரும்பிப் போகக் கூடாது. நேரக் கணக்கு குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும், மற்றவை மாறுவதில்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: எந்த ஒரு டர்னிலும் அதிகாரம் ஒருவருக்கே, முழுதாக இருக்கிறது. மற்றவர்கள் யோசனை சொல்லலாம், பொத்தானை அமுக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வாதம் நம் மொழியிலேயே பழமொழியாக இருக்கிறது. பல பேர் கூடினால் பாம்பு சாகாது. எனக்கு அந்தப் பழமொழியோடு சண்டை இல்லை. பாம்பைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் ஒவ்வொருவரும் இன்னொருவர் அடிப்பார் என்று காத்திருப்பார்கள், பாம்பு போய்விடும். ஆனால் பழமொழி பேசுவது ஒரே நேரத்தில் கூடி நிற்கும் கூட்டத்தைப் பற்றி. தடியை ஒருவர் கையில் கொடுத்து, இந்த நிமிடம் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் அந்தப் பாம்பின் கதை வேறு. முறை வைத்து ஆள்வதையும் கூட்டமாக ஆள்வதையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் இந்தத் தவறான பார்வையின் வேர் இருக்கிறது.

சதுரங்கத்திலிருந்து இரண்டு உதாரணங்களை எடுத்து நீட்டுவார்கள். 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் பால் மார்ஃபிக்கு எதிராக பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார்ட் பிரபுவும் சேர்ந்து கலந்து பேசி ஆடி, 17 நகர்த்தல்களில் தோற்றார்கள். 1999-இல் காஸ்பரோவை எதிர்த்து 75-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000-க்கும் அதிகமானோர் இணையத்தில் வாக்களித்து ஆடினார்கள்; நான்கு மாதம், 62 நகர்த்தல், கடைசியில் காஸ்பரோவ் வென்றார். இரண்டிலும் தனி ஆள் ஜெயித்தார் என்பது உண்மை. ஆனால் முதலாவது கலந்தாலோசனை, இரண்டாவது வாக்கெடுப்பு. முறை வைத்தல் இரண்டிலுமே இல்லை. சொல்லப்போனால் அந்த உலக ஆட்டத்தை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய கூட்டம் உலக சாம்பியனுக்கு எதிராக 62 நகர்த்தல் தாக்குப்பிடித்தது எப்படி? இரினா க்ரஷ் என்ற பதினைந்து வயதுப் பெண், ஆலோசகர்களில் ஒருவர், பத்தாவது நகர்த்தலில் ஒரு புதிய வழியைக் காட்டினார். அதன் பிறகும் ஒவ்வொரு நாளும் ஏன் இந்த நகர்த்தல் என்று எழுதி விளக்கிக்கொண்டே இருந்தார், கூட்டம் அவரைப் பின்தொடர்ந்தது. எழுதிப் பகிர்ந்த காரணம்தான் சிதறிக் கிடந்த கூட்டத்தை ஒரு அணியாக்கியது. வாரிசு ஆட்டம் அந்த எழுத்தை ஒவ்வொருவர்மீதும் கடமையாகவே வைக்கிறது.

சரித்திரம் படித்தவர்கள் இன்னொரு கனமான கல்லை எறிவார்கள்: கன்னே. கி.மு. 216-இல் ஹானிபலை எதிர்த்துப் போன ரோமப் படைக்கு வாரோ, பவுலஸ் என்று இரண்டு கான்சல்கள். ஒரு நாள் அவர், மறுநாள் இவர் என்று தலைமை மாறும். பவுலஸ் அந்த இடத்தில் போர் வேண்டாம் என்றார். வாரோவின் நாள் வந்தது, படையை இறக்கினார், ரோமின் மிகப் பெரிய படைகளில் ஒன்று ஒரே நாளில் அழிந்தது. "பார்த்தாயா, முறை வைத்தால் இதுதான் கதி" என்பார்கள்.

அதற்கு முந்தைய வருடத்தையும் பார்க்கச் சொல்கிறேன். கி.மு. 217-இல் திராசிமென் ஏரிக்கரையில் ஃபிளாமினியஸ் என்ற கான்சல் தனியாகத்தான் படை நடத்தினார். மறித்துச் சொல்ல அதிகாரமுள்ள இன்னொரு கான்சல் பக்கத்தில் இல்லை. மூடுபனியில் ஹானிபலின் பொறிக்குள் நேராக நடந்து போனார், படையோடு அவரும் மடிந்தார். தனித் தலைமை அவரைக் காப்பாற்றவில்லை. கன்னேயில் ரோமைக் கொன்றதில் ஹானிபலின் மேதைமைக்கு ஒரு பங்கு, இரண்டு கான்சல்களும் ஒரே திட்டத்தை ஏற்றுக்கொள்ளாததற்கு ஒரு பங்கு. நாட்கள் மாறின, ஆனால் ஒரு நாளின் எண்ணம் மறுநாளுக்குப் போய்ச் சேரவில்லை. கி.மு. 490-இல் மாரத்தானிலும் ஏதென்ஸ் தளபதிகள் பத்துப் பேர் நாள் முறை வைத்துத்தான் தலைமை ஏற்றார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். போரிட வேண்டும் என்று நினைத்த தளபதிகள் தங்கள் நாளை மில்டியாடிஸுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவரோ தன் சொந்த முறை வரும்வரை காத்திருந்தே போரிட்டார், வென்றார். முறையும் இருந்தது, முறையைத் தாண்டிய உடன்பாடும் இருந்தது. முறை வைத்ததால் தோற்றார்கள் என்றால் மாரத்தானை எங்கே வைப்பது?

இனி என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். வியூகம் ஒரு மூளைக்குள் பிறக்கலாம், ஆனால் அங்கேயே குடியிருந்தால் அது வியூகமே ஆகாது. தனியாக ஆடும்போது நம் தலைக்குள் இருப்பதைத் திட்டம் என்று நம்புகிறோம். அதில் பாதி பழக்கம், கால் பங்கு ஆசை, மிச்சம்தான் யோசனை. எது எது என்று பிரித்துப் பார்க்க நமக்கு எந்த அவசியமும் வருவதில்லை. இன்னொருவர் கையில் நாட்டை ஒப்படைக்க வேண்டிய அன்றுதான் அந்த அவசியம் வருகிறது.

நான் இதை ஒரு நகரத்தை இழந்து கற்றுக்கொண்டேன். நாங்கள் ஐந்து பேர், நான்காம் பதிப்பு, மாலி நாடு, மன்சா மூசா தலைமை. எம்பரர் நிலை. எங்களில் ஒருவர்கூட அந்த நிலையில் தனியாக வென்றதில்லை. எங்களுக்கு வடக்கே அஸ்டெக் நாடு, மாண்டெசுமா. நான்காம் பதிப்பு ஆடியவர்களுக்கு அந்தப் பெயரே போதும். அமைதியாக இருக்கத் தெரியாத அண்டை வீட்டுக்காரர். அவருடைய ஜாகுவார் வீரர்களைத் திரட்ட இரும்புகூட வேண்டியதில்லை. எனக்கு முன் ஆடியவர் எல்லையிலிருந்த ஜென்னே நகரத்தில் கோடாரி வீரர்களை வரிசையாகத் தயாரிக்க உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். சரியான முடிவு. காலாட்படைக்கு எதிரில் கோடாரி வீரனுக்குக் கூடுதல் பலம் உண்டு.

என் முறை வந்தபோது அந்த வரிசை எனக்கு வீண் செலவாகத் தெரிந்தது. பக்கத்தில் கல் இருந்தது, பிரமிடு கட்டலாம். கட்டினால் ஆராய்ச்சி செய்து எட்ட வேண்டிய ஆட்சிமுறைகள் எல்லாம் உடனே திறந்துவிடும். கோடாரி வீரர்களை நிறுத்தினேன், ஜென்னேயைப் பிரமிடு வேலைக்குத் திருப்பினேன். பத்து டர்ன் ஓடின. அறிக்கையில் "ஜென்னேயில் பிரமிடு ஆரம்பம்" என்று ஒரே வரி எழுதினேன். காவலைக் குறைத்தேன் என்று எழுதவில்லை. மறைக்க நினைத்ததும் இல்லை. எனக்கே அது ஒரு முடிவாகத் தோன்றவில்லை, அதனால் எழுதத் தோன்றவில்லை. அடுத்தவரின் மூன்றாவது டர்னில் மாண்டெசுமா போர் அறிவித்தார். ஜென்னே விழுந்தது. பாதி கட்டிய பிரமிடும் போயிற்று.

இந்தக் கதையை, தொடக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "இதைத்தானே நான் சொல்றேன். ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் கலைச்சீங்க" என்றார். நான் கேட்டேன்: நான் தனியாக ஆடியிருந்தால் ஜென்னே தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. பிரமிடு ஆசை எனக்கு எப்போதும் உண்டு. தனி ஆட்டத்தில் நகரம் விழுந்த அந்த நிமிடமே பழைய சேவைத் திறந்திருப்பேன், நான்கு டர்ன் பின்னால் போய் இரண்டு வீரர்களை நிறுத்தியிருப்பேன், என் வியூகம் வென்றது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தத் தவறு நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. வாரிசு ஆட்டம் அந்தத் தவறை உண்டாக்கவில்லை, என் கண்ணுக்குக் காட்டிக் கொடுத்தது.

அன்றிலிருந்து எங்கள் அறிக்கைகள் மாறின. என்ன செய்தேன் என்பதோடு ஏன் செய்தேன், முந்தையவர் தொடங்கியதில் எதை நிறுத்தினேன், எதைப் பாதியில் விட்டுப்போகிறேன் என்று எழுத ஆரம்பித்தோம். நான்காம் பதிப்பில் வரைபடத்தின்மேலேயே குறிப்பு எழுதி ஒட்டி வைக்கும் வசதி உண்டு. "இங்கே நகரம் வேண்டும், ஆற்றின் தென்கரையில்", "இந்தக் காட்டை வெட்டாதே, காவலுக்கு வேண்டும்" என்று அடுத்த அரசருக்குக் குறிப்பு வைத்தோம். தனியாக ஆடும்போது நான் ஒரு நாளும் அந்த வசதியைத் தொட்டதில்லை. எனக்கு நானே எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்புதான். ஒரு வார இடைவெளிக்குப் பிறகு என் சொந்த சேவைத் திறந்து, இந்தப் படை ஏன் இந்த மலைமேல் நிற்கிறது என்று தெரியாமல் எத்தனை முறை விழித்திருக்கிறேன்! போன வார நான் இந்த வார எனக்கு அந்நியன்தான். தனி ஆட்டத்திலும் வாரிசு உண்டு, அவருக்கு நாம் எதுவும் எழுதி வைப்பதில்லை.

திட்டத்தின் தொடர்ச்சி அறுந்துபோகும் என்ற குற்றச்சாட்டு மேலும் வலுவிழப்பதைக் காண மூன்றாம் பதிப்பைப் பாருங்கள். அதில் அண்டை நாட்டோடு போடும் ஒப்பந்தம் 20 டர்ன் நீடிக்கும். என் ஆட்சியோ பத்து டர்ன்தான். நான் கொடுக்கும் வாக்கை எனக்கு அடுத்தவர் காப்பாற்ற வேண்டும். அவர் முறித்தால் நாட்டின் பெயர் எல்லா நாடுகளிடத்திலும் கெடும், பிறகு நல்ல விலைக்கு யாரும் பேசமாட்டார்கள். தனியாக ஆடுகிறவருக்கு ஒப்பந்தம் ஒரு எண், இவ்வளவு தங்கம் இத்தனை டர்ன். முறை வைத்து ஆடுகிறவருக்கு அது இன்னொரு மனிதரின் கையைக் கட்டும் கயிறு. நான் போட்ட ஒப்பந்தத்தால் அடுத்தவர் தவிப்பாரா என்று யோசித்த பிறகே கையெழுத்துப் போடப் பழகினேன்.

அடுத்த குற்றச்சாட்டு: எல்லோர் பொறுப்பும் யார் பொறுப்பும் இல்லை. முதல் பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பத்து டர்னுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஜென்னே விழுந்ததற்கு யார் காரணம் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. என் பெயரில் அறிக்கை இருந்தது. பொறுப்பு கரைவது முறை வைப்பதால் அல்ல, கணக்குக் கேட்காததால். இதை நம் மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையில் தேர்ந்த வாரிய உறுப்பினர் 360 நாள் பணியாற்றி விலக வேண்டும் என்றும், அண்மை மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக் கூடாது என்றும் விதிக்கின்றன. இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி அந்த வாய்ப்பே இல்லை. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை, எல்லோருக்குமான ஆட்சி அல்ல. அதை மறைத்துப் பெருமை பேச நான் வரவில்லை. ஆனால் ஏரியையும் தோட்டத்தையும் பராமரிக்க முறை வைத்த அந்தச் சபைக்கு, முறையோடு கணக்கும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்று தெரிந்திருந்தது. எங்கள் அறிக்கைதான் எங்கள் கணக்கு.

திறமை குறைந்தவர் ஆட்டத்தைக் கெடுப்பார் என்ற பேச்சு எனக்குக் கோபம் தருவது. எங்கள் ஐவரில் ஒரு நண்பரின் தங்கையும் இருந்தாள். நோபிள் நிலைக்கு மேல் ஆடாதவள். அவளைச் சேர்க்க வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், நானும் அரை மனதாகத்தான் தலையாட்டினேன். முதல் முறை ஃபைலைத் திறந்ததும் அவள் கேட்ட கேள்வி: "ஏண்ணா, அஞ்சு ஊருக்கு மூணு வொர்க்கர்தானா?" திரும்பிப் பார்த்தோம். நகரத்துக்கு ஒன்றரை வேலையாளாவது வேண்டும் என்பது இந்தப் பதிப்பு ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் தன் பத்து டர்னில் படையையோ ஆராய்ச்சியையோ பெரிதாக நினைத்து, வேலையாளை அடுத்தவர் செய்வார் என்று விட்டிருந்தோம். நிலம் திருத்தாமல் கிடந்தது, ஊர்கள் வளராமல் நின்றன. பழக்கம் கண்ணை மறைக்காத ஒருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவள் அந்தப் பத்து டர்னில் போர் எதுவும் செய்யவில்லை, நான்கு வேலையாட்களை உருவாக்கினாள், சாலை போட்டாள். அடுத்த ஐம்பது டர்ன் நாங்கள் அவள் போட்ட சாலையில்தான் படை நடத்தினோம், ஜென்னேயை மீட்டதும் அந்த வழியாகத்தான். கேள்வி கேட்கிறவரைச் சங்கிலியின் பலவீனக் கண்ணி என்று சொல்லும் ஆட்டக்காரர், அந்தக் கேள்வி தன் காதில் விழாததால் எத்தனை ஆட்டம் தோற்றார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முறை வைத்து ஆடினால் குழப்பத்தில் முடியும் என்பதற்குச் சிலர் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் விளையாட்டைக் காட்டுவார்கள். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்டது. அது வெளிவந்த கொஞ்ச காலத்திலேயே சிலர் ஒரே கோட்டையை ஆளுக்கு ஒரு விளையாட்டு வருடம் என்று ஆண்டார்கள். போட்மர்டர்ட் என்ற அந்தக் கோட்டை யானைகளிடம் குள்ளர்களைப் பறிகொடுத்து, எரிமலைக் குழம்பைத் திறந்துவிட்டு வெளியெல்லாம் பொசுக்கி, கடைசியில் தீயிலும் பித்திலும் அழிந்தது. உண்மைதான், அழிந்தது. ஆனால் அந்த விளையாட்டில் வெற்றி என்று ஒன்று கிடையாது. எல்லாக் கோட்டையும் ஒரு நாள் விழும். தனியாக ஆண்டு விழவைத்த ஆயிரக்கணக்கான கோட்டைகளை அவற்றை ஆண்டவரைத் தவிர யாருக்குத் தெரியும்? போட்மர்டர்டை உலகம் முழுவதும் வாசித்தார்கள். ஒவ்வொரு ஆட்சியாளரும் முந்தையவர் விட்டுப்போன குழப்பத்தைத் தன் குரலில் எழுதிவைத்ததால் அது வாசிக்கத் தக்க ஒரு நாளாகமம் ஆயிற்று.

இந்த இடத்தில் வெற்றி தோல்வியைத் தாண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தனி ஆட்டத்தில் உங்கள் அரசருக்குச் சாவே இல்லை. கி.மு. 4000-இல் ஊர் அமைத்த அதே மன்சா மூசா அணுகுண்டுக் காலத்திலும் அரியணையில் இருப்பார். ஆறாயிரம் ஆண்டு ஒரே மனம், ஒரே ஆசை. 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பதிப்பு இதை இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கிறது. அதில் ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிகிறது. யுகம் மாறும்போது நாடு மாறலாம், தலைவர் மாறமாட்டார். இரண்டாம் யுகத்தில் நீங்கள் சோழராகலாம், அடுத்த யுகத்தில் வேறொரு நாடாகலாம், ஆனால் அரியணையில் அதே முகம். சோழர் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் மக்களின் கதை நடந்த விதம் இதற்கு நேர்மாறு. தலைவர்கள் போனார்கள், நாடு நின்றது. முந்தையவர் வெட்டிய ஏரியில் பிந்தையவர் மடை வைத்தார், முந்தையவர் வாங்கிய பகையைப் பிந்தையவர் சுமந்தார். இத்தனை பதிப்புகளிலும் வடிவமைப்பாளர்கள் தராத இந்த அனுபவத்தை ஆட்டக்காரர்கள் ஒரு சேவ் ஃபைலையும் ஒரு வரிசையையும் வைத்துக்கொண்டு தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். நாகரிகம் என்று பெயர் வைத்த விளையாட்டு அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நடப்பது வாரிசு ஆட்டத்தில்தான்.

இன்னொரு நன்மை சிறியது, ஆனால் என் வீட்டில் அதன் மதிப்பு தெரியும். சிவிலைசேஷன் ஆடியவர்கள் எல்லோருக்கும் "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்ற நோய் தெரியும். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் விடியற்காலை எழுவார். வாரிசு ஆட்டத்தில் பத்தாவது டர்னில் நிறுத்தியாக வேண்டும். முற்றுகையிட்ட நகரம் அடுத்த டர்னில் விழும் என்று தெரிந்தும் கையை எடுத்து, அந்த வெற்றியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். முதல் முறை எனக்கு அது வலித்தது. மூன்றாவது முறை, அடுத்தவர் அந்த நகரத்தைப் பிடித்ததாக எழுதிய அறிக்கையை நான் பிடித்ததைவிட மகிழ்ச்சியாக வாசித்தேன்.

எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுக்கிறேன். டெய்டி நிலையில் வென்ற அந்த நண்பர் எங்கள் ஆட்டத்தைத் தனியாக ஆடியிருந்தால் எங்களுக்கு முன்பே வென்றிருப்பார், சந்தேகமில்லை. நாங்கள் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டோம். வரிசையில் ஒருவர் சொல்லாமல் காணாமல் போய், நடுவில் செத்துப்போன ஆட்டங்களும் எனக்குத் தெரியும். அந்தச் சாவு ஒழுங்கில்லாததால் வருகிறது, 24 மணி நேர விதியைக் கண்டிப்பாக வைத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். வேகம் போவது மட்டும் உண்மையான விலை. அந்த விலையைக் கொடுத்து நாங்கள் வாங்கியது, ஐந்து பேரில் யாருமே தனியாக எட்டாத நிலையில் ஒரு வெற்றி. மன்சா மூசாவின் விண்கலம் புறப்பட்டது. கடைசிப் பத்து டர்னும் அந்தத் தங்கையின் முறை, பொத்தானை அமுக்கியது அவள்.

அந்த ஆட்டத்தின் 36 அறிக்கைகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பதினொன்றாவது அறிக்கை என்னுடையது, "ஜென்னேயில் பிரமிடு ஆரம்பம்" என்ற ஒற்றை வரியோடு. நான் தனியாக வென்ற ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றில்கூட எந்த நகரத்தை எதற்காக இழந்தேன் என்று இன்று எனக்குச் சொல்லத் தெரியாது.